அஞ்சற்பையின் திறவுகோல்

எழுத்தறிவு பெற்றவன் முதன்முதலில் ஏற்கவேண்டிய பொறுப்பு யாது என்று என்னைக் கேட்டால், பிறருடைய மடலைப் படித்துவிட்டு வாயடக்கி இருத்தல் என்றே விடை கூறுவேன். இவ்விடையை நான் எந்த நூலிலிருந்தும் பெறவில்லை. மலாக்கா மாநிலத்து ஜாசின் மாவட்டத்தில், பெம்பானை அடுத்த தோட்டமொன்றின் லயத்தில், ஐந்தாம் வகுப்பு மாணவனாக இருந்தபோது இழைத்த ஒரு பிழையிலிருந்தே கற்றுக்கொண்டேன்.

அந்நாளில் எங்கள் தோட்டத்து மக்களுக்கு வரும் மடல்கள் யாவும் தோட்ட அலுவலகத்தின் முகவரிக்கே வந்து சேரும். ஊழியர் ஒருவர் மிதிவண்டியில் பட்டணத்து அஞ்சல் நிலையத்திற்குச் சென்று, பூட்டிய பையில் அவற்றைக் கொண்டுவருவார். பையின் சாவி கிராணியாரிடம் இருக்கும். அவர் பையைத் திறந்து, பெயரைக் கூப்பிட்டு, மடலைக் கையில் கொடுப்பார். மடல் கைக்கு வந்துவிட்டால் போதுமா? அதைப் படிக்க வேண்டுமே! பால்மரத்தோடு வாழ்ந்து முதுமை எய்திய பலருக்கு எழுத்து தெரியாது. ஆகவே பள்ளிப் பிள்ளைகளாகிய நாங்களே அவர்களுக்குக் கண்களானோம்.

எங்கள் வீட்டிற்கு எதிர் வரிசையில் ஒரு பாட்டி இருந்தார். ஒருநாள் மாலை, தமிழ்நாட்டிலிருந்து வந்த நீலநிற விமான மடலொன்றை என்னிடம் நீட்டினார். உரக்கப் படித்தேன். அவருக்குச் சேரவேண்டிய நிலத்தின் பங்கை அவருடைய உடன்பிறந்த தம்பியே கேளாமல் விற்றுவிட்ட செய்தி அதில் இருந்தது. பாட்டி ஒரு சொல்லும் பேசவில்லை. மடலை வாங்கி மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். எனக்குப் பத்துக் காசு கொடுத்தார். நானோ அன்றிரவு உணவு உண்ணும்போது அச்செய்தியை வீட்டில் சொல்லிவிட்டேன். மறுநாள் காலை குழாயடியில் அனைவரும் அதையே பேசினர்.

அடுத்த மடல் வந்தபோது பாட்டி என்னிடம் வரவில்லை. இரண்டு கல் தொலைவு நடந்து, பக்கத்துத் தோட்டத்தில் இருந்த ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் செய்தார். நான் ஏன் என்று கேட்டேன். “தம்பி, உனக்குப் படிக்கத் தெரிகிறது, வைத்துக்கொள்ளத் தெரியவில்லையே” என்றார். கடுஞ்சொல் ஏதும் இல்லை. ஆயினும் அச்சொல் இன்றுவரை என்னை விட்டு அகலவில்லை.

இன்று நம் கைப்பேசிகளில் வந்து விழும் மின்னஞ்சல்களைக் காணும்போது அந்தப் பாட்டியின் நினைவு வருகிறது. எழுதியவர் ஒருவர், பெறுபவர் ஒருவர் என்றுதான் நாம் எண்ணுகிறோம். ஆனால் மடலின் வரலாறு இவ்விருவரின் வரலாறு அன்று. இடையில் நிற்கும் மூன்றாமவரின் வரலாறே ஆகும். அந்த மூன்றாமவர் யார், அவர் கையில் திறவுகோல் உண்டா என்பதே காலந்தோறும் எழுந்த வினா. அவ்வினாவின் போக்கைச் சற்றே காண்போம்.

தூதும் ஒற்றும்

நம் முன்னோர் இவ்வேறுபாட்டை நன்கு உணர்ந்திருந்தனர். திருக்குறளில் தூதுக்கு ஓர் அதிகாரமும், ஒற்றாடலுக்கு வேறோர் அதிகாரமும் உள்ளன. செய்தியைச் சுமந்து செல்பவன் வேறு. செய்தியை அறிந்துவர ஏவப்பட்டவன் வேறு. இருவரையும் ஒருவராக வள்ளுவர் கருதவில்லை.

சிலப்பதிகாரத்தில் மாதவி கோவலனுக்கு விடுத்த மடலை நினைத்துப் பாருங்கள். கோசிகன் என்னும் அந்தணன் அதைக் கொண்டு வருகிறான். அம்மடல் மண்ணால் பொறியிடப்பட்டது. மாதவியின் கூந்தல் பதிந்த அந்தப் பொறியே அது அவளுடையது என்பதைக் கோவலனுக்கு உணர்த்துகிறது. கொண்டு வந்தவன் நெடுவழி நடந்தவன். ஆயினும் பொறியை உடைக்கும் உரிமை அவனுக்கு இல்லை. பொறி உடையாமல் இருத்தலே தூதனின் நேர்மைக்குச் சான்று.

அரசாங்கமே அஞ்சலைச் சுமக்கத் தொடங்கியபின் இந்நேர்மை ஒரு நிறுவனத்தின் கடமையாயிற்று. 1840-இல் ரோலண்ட் ஹில் என்பாரின் முயற்சியால் இங்கிலாந்தில் ஒரு பென்னி அஞ்சல்முறை ஏற்பட்டது. எளியோரும் மடல் எழுதலாயினர். நான்கே ஆண்டுகளில் அந்நாட்டின் நம்பிக்கை ஆட்டங்கண்டது. இலண்டனில் அடைக்கலம் புகுந்திருந்த இத்தாலிய விடுதலை வீரர் மாத்சீனி, தம் மடல்கள் பிரிக்கப்படுகின்றன என்று ஐயுற்றார். உறைகளினுள் கசகசா விதைகளையும் தலைமயிரையும் வைத்து அனுப்பச் செய்து சோதித்தார். மடல் வந்து சேரும்போது அவை காணாமற் போயிருந்தன. 1844-இல் இச்செய்தி நாடாளுமன்றத்தில் வெடித்தது. உள்துறை அமைச்சர் ஜேம்ஸ் கிரகாமின் ஆணைப்படியே அவை திறக்கப்பட்டன என்பது வெளிப்பட்டது. அஞ்சலகத்தில் இயங்கிய மறைவான பிரிவு கலைக்கப்பட்டது. மக்களைச் சினங்கொள்ளச் செய்தது திறந்தமை மட்டுமன்று. திறந்தபின் திறவாததுபோல் ஒட்டி அனுப்பியமையே ஆகும்.

நம் மலாக்காவும் இந்த அஞ்சல் வலையில் விரைவிலேயே இணைந்தது. பினாங்கு, சிங்கப்பூர் ஆகியவற்றோடு மலாக்காவும் அந்நாளில் இந்தியாவிலிருந்தே ஆளப்பட்டதால், 1854 முதல் இந்திய அஞ்சல்தலைகளே இங்கு வழங்கின. 1867-இல் நீரிணைக் குடியேற்ற நாடுகள் தனி ஆட்சிப் பகுதியானபின் இங்கே தனித் தலைகள் வந்தன. 1896-இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் இரப்பர் பயிரிட்டார். அதன்பின் பெருகிய தோட்டங்களுக்குத் தமிழர் கூட்டங்கூட்டமாக வந்தனர். அவர்களையும் ஊரையும் பிணைத்த ஒரே நூல் மடலே. அந்நூலை எழுதுபவர், சுமப்பவர், படிப்பவர் எனப் பல கைகள் தொட்டன.

போர்க்காலத்து மடல்கள்

மூன்றாமவர் இருக்கிறார் என்று அறிந்துவிட்டால் மடலின் மொழியே மாறிவிடும். இதற்கு முதல் உலகப் போர் நல்ல சான்று தருகிறது. 1914-இல் பிரான்சுப் போர்முனைக்கு அனுப்பப்பட்ட இந்தியச் சிப்பாய்கள் ஊருக்கு எழுதிய மடல்களைத் தணிக்கை செய்யத் தனி அலுவலகம் ஏற்பட்டது. பூலோன் நகரில் எவ்லின் ஹொவல் என்னும் அதிகாரி அப்பணியை நடத்தினார். சிப்பாய்களுள் பலர் எழுத்தறியார். எழுத்தறிந்த தோழரைக் கொண்டு எழுதுவித்தனர். ஆகவே ஒரு மடலுக்கு எழுத்தர் ஒருவர், தணிக்கையாளர் ஒருவர், ஊரில் படித்துச் சொல்பவர் ஒருவர் என இடையாட்கள் மூவர் இருந்தனர். இதை உணர்ந்த சிப்பாய்கள் மறைமொழி பயின்றனர். இந்தியப் படையினரைக் கருமிளகு என்றும், வெள்ளையரைச் செம்மிளகு என்றும் எழுதினர். மிளகு தீர்ந்துவருகிறது என்று எழுதினால், ஊரில் உள்ளோர் உயிரிழப்பைப் புரிந்துகொள்வர். தணிக்கையாளருக்கும் அது விரைவில் விளங்கிவிட்டது என்பது வேறு. அவர்கள் படியெடுத்த பகுதிகள் இன்றும் இலண்டனில் பிரித்தானிய நூலகத்தில் உள்ளன.

நம் பகுதியிலும் ஒரு மடல் உயிரைக் குடித்தது. சிங்கப்பூரில் வாழ்ந்த குஜராத்தி வணிகர் காசிம் மன்சூர், 1914 டிசம்பரில் ரங்கூனில் இருந்த தம் மகனுக்கு ஒரு மடல் எழுதினார். மலாய் மாநிலக் காவற்படையைச் சேர்ந்த சிப்பாய்களின் சார்பில் துருக்கித் தூதருக்குச் சேரவேண்டிய வேண்டுகோள் அதனுடன் இருந்தது. மடல் இடைமறிக்கப்பட்டது. 1915-இல் அவர் தூக்கிலிடப்பட்டார். அவர் செய்தது சரியா தவறா என்பது ஈண்டு ஆராயத்தக்கதன்று. மடலைக் கடலில் விடுபவன், அது எத்தனை கைகளைக் கடக்கும் என்பதை அறியான் என்பதே நாம் கொள்ளத்தக்கது.

1942 சனவரியில் மலாக்கா சப்பானியர் வசமானபின் இந்தியாவுடன் இருந்த அஞ்சல் தொடர்பே அற்றுப்போயிற்று. சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டோரின் குடும்பங்கள், அவர் இருக்கிறாரா இறந்தாரா என்று அறியாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தன. பிறர் படிக்கும் மடலைவிட வாராத மடல் கொடியது என்பதையும் நாம் மறத்தலாகாது. இடையாள் நமக்குத் தேவை. அவரின்றி மடல் நகராது. அவர் எந்த அளவோடு நிற்கவேண்டும் என்பதே சிக்கல்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தபோது என் தந்தையாருக்கு நான் எழுதிய மடல்களிலும் இந்த உண்மையைக் கண்டேன். அவருக்கு எழுத்து தெரியாது. யாரோ ஒரு பையன் படித்துச் சொல்வான் என்பது எனக்குத் தெரியும். ஆகவே “இங்கு நலம், அங்கு நலமறிய ஆவல்” என்பதற்கு மேல் என் துயரத்தை ஒருநாளும் எழுதினேனில்லை. நானும் ஒருகாலத்தில் அந்தப் பையனாக இருந்தவன் அல்லனோ!

மின்னஞ்சலில் புகுந்த மூன்றாமவர்

1971-இல் அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன், ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு வலைவழியே மடல் அனுப்பும் முறையைச் செய்து காட்டினார். 1982-இல் ஜான் போஸ்டல், மடல் கொண்டுசெல்லும் விதிகளை வகுத்து வெளியிட்டார். 1986-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிரிஸ்பின், நம் அஞ்சற்பெட்டியைத் தொலைவிலிருந்தே திறந்து பார்க்க உதவும் ஐமேப் என்னும் முறையை உருவாக்கினார். இம்முறைப்படி இருவரே உண்டு. நம் மடல்களைக் காக்கும் அஞ்சல் நிறுவனம் ஒன்று. நம் கையிலுள்ள கருவி மற்றொன்று. நாம் கடவுச்சொல்லைத் தட்டினால் கருவி நேரே அந்நிறுவனத்தின் கதவைத் தட்டும். கடவுச்சொல் வேறெங்கும் போகாது.

கைப்பேசி வந்தபின் புதியதொரு வழக்கம் தோன்றியது. சில செயலிகள் நம் கடவுச்சொல்லைக் கைப்பேசியில் மட்டும் வைத்துக்கொள்வதில்லை. தம் நிறுவனத்தின் கணினிக் கூடத்திற்கு அனுப்பி அங்கே வைத்துக்கொள்கின்றன. அந்தக் கூடம் நம்மைப்போலவே வேடம் பூண்டு, இரவும் பகலும் நம் அஞ்சற்பெட்டியைத் திறந்து, மடல்களைத் தன்னிடம் படியெடுத்து, அதன்பின் நம் கைப்பேசிக்கு அனுப்புகிறது. ‘மேகம்’ என்று இதற்கு அழகிய பெயரிட்டுள்ளனர். வானில் மிதப்பது ஒன்றுமில்லை. வேறொரு நாட்டில், வேறொருவருடைய கட்டடத்தில் இயங்கும் கணினிகளே அவை.

இதை ஏன் செய்கின்றனர்? தீய எண்ணமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. கைப்பேசி ஓயாமல் பெட்டியைத் திறந்து பார்த்தால் மின்கலம் விரைவில் தீரும். மடல் வந்த நொடியிலேயே மணி அடிக்கவும், குறித்த நேரத்தில் மடலை அனுப்பவும், பழைய மடலை விரைந்து தேடவும் இடையிலுள்ள கூடம் உதவுகிறது. வசதி உண்மையானது. ஆனால் அதற்கு விலையாக நாம் கொடுப்பது பையைச் சுமக்கும் கூலியை அன்று, பையின் சாவியை.

உலகில் இதுபற்றி எழுந்த பூசல்கள் சில. 2013 அக்டோபரில் லிங்க்டின் நிறுவனம், ஐபோனுக்கு வரும் மடல்கள் தன் கணினிகள் வழியே சென்று, அனுப்பியவரின் விவரத்தையும் சேர்த்துக்கொண்டு வருமாறு ஒரு வசதியை அறிமுகம் செய்தது. பாதுகாப்பு வல்லுநர் கண்டித்தனர். 2014-இல் அது நிறுத்தப்பட்டது. 2015 சனவரியில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட அவுட்லுக் கைப்பேசிச் செயலி, பிறநிறுவன அஞ்சற்கணக்குகளின் அடையாளங்களையும் தன் கூடத்தில் வைத்தது. அடுத்த மாதமே ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் தொழில்நுட்பப் பிரிவு அதைத் தடுத்தது. செயலியை நீக்குமாறு மட்டுமன்றி, கடவுச்சொல்லையும் மாற்றுமாறு உறுப்பினர்களுக்கு அறிவுறுத்தியது. 2023 நவம்பரில், விண்டோசுக்கான புதிய அவுட்லுக்கும் இவ்வாறே பிறநிறுவனக் கணக்குகளின் கடவுச்சொல்லைத் தன் கூடத்திற்கு அனுப்புகிறது என்று ஜெர்மனியின் ஹெய்சே இதழ் எழுதியது. அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணையர் உல்ரிக் கெல்பர் கவலை தெரிவித்தார். பல கருவிகளில் மடல்களை ஒருங்கே காணவே இவ்வசதி என்பது அந்நிறுவனத்தின் விளக்கம்.

இடையாள் தவறு செய்தால் என்னாகும் என்பதற்கும் சான்றுகள் உள்ளன. வேண்டாத விளம்பர மடல்களை நீக்கித் தருவதாகச் சொன்ன அன்ரோல்.மி என்னும் சேவையின் உரிமையாளர், பயனர்களின் மடல்களில் இருந்த கட்டணச் சீட்டுகளிலிருந்து திரட்டிய விவரங்களைப் பெயர் நீக்கி விற்றமை 2017-இல் வெளிவந்தது. தனிப்பட்ட மடல்களைத் தொடுவதில்லை என்று பயனர்களுக்குப் பொய்யுரைத்ததாக அமெரிக்க வணிக ஆணையம் குற்றஞ்சாட்டி, 2019-இல் அச்சேவையுடன் தீர்வு கண்டது. 2020 மே மாதத்தில் எடிசன் மெயில் என்னும் செயலியில் நேர்ந்த பிழையால், ஒருவருடைய அஞ்சற்பெட்டி முன்பின் அறியாத வேறொருவருக்குத் திறந்து கிடந்தது. பையின் சாவிகள் ஓரிடத்தில் குவிந்தால், ஒரு கை தவறினாலும் பல வீடுகள் திறந்துவிடும்.

பள்ளியில் நேர்ந்தது

இவற்றையெல்லாம் படித்தறிந்தபின் நான் விழிப்படைந்தேன் என்று எழுதினால் அது பொய்யாகும். நான் தவறிய பின்னரே படித்தேன்.

எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திற்கென முன்னரே திறந்த பழைய மின்னஞ்சல் கணக்கு ஒன்று உண்டு. அதைக் கைப்பேசியில் பார்ப்பதற்கு இலவசச் செயலி ஒன்றை இறக்கிக்கொண்டேன். முகவரியையும் கடவுச்சொல்லையும் கேட்டது, கொடுத்தேன். மாதங்கள் பல கடந்தன. ஒருமுறை கைப்பேசி பழுதாகி மூன்று நாள் கடையில் கிடந்தது. அந்நாள்களில் பள்ளிக் கணினியில் அக்கணக்கைத் திறந்து, அதன் உள்நுழைவுப் பதிவேட்டை ஏதோ ஆர்வத்தால் பார்த்தேன். என் கைப்பேசி அணைந்து கிடக்கிறது. ஆனால் வெளிநாட்டிலிருந்து யாரோ சில நிமிடங்களுக்கு ஒருமுறை எங்கள் பெட்டியைத் திறந்துகொண்டே இருக்கிறார்!

திருடர் என்று அஞ்சினேன். திருடரல்லர். அந்தச் செயலியின் கூடமே அது. அதன் உடன்பாட்டுப் பத்திரத்தைத் தேடிப் படித்தேன். கடவுச்சொல்லைத் தம்மிடம் வைப்பதாகவும், மடல்களைப் படியெடுப்பதாகவும் அதில் தெளிவாகவே எழுதியிருந்தனர். அவர்கள் மறைக்கவில்லை, நான்தான் படிக்கவில்லை. முப்பதாண்டு காலம் பிள்ளைகளுக்குப் படிக்கக் கற்பித்தவன், ஒரு பத்திரத்தைப் படியாமலே ஒப்பம் இட்டிருந்தேன்.

அந்தப் பெட்டியில் என்னென்ன இருந்தன? மாணவர்களின் பிறப்புச் சான்றிதழ்ப் படிகள் இருந்தன. உதவித்தொகைக்காகப் பெற்றோர் அனுப்பிய வருமான விவரங்கள் இருந்தன. ஒரு பிள்ளையின் நோய் குறித்த மருத்துவ மடல் இருந்தது. கணவரின் கொடுமைக்கு அஞ்சி வீட்டை விட்டு வெளியேறிய ஒரு தாய், தாமும் பிள்ளையும் எங்கே தங்கியிருக்கிறோம் என்பதை எனக்கு மட்டும் எழுதிய மடலும் இருந்தது. எனக்கு மட்டும் என்றுதான் அவர் நம்பினார். கேட்டிருந்தால் அவருக்கு நான் வேறு விடை சொல்லியிருக்க வேண்டும்.

செயலியை உடனே நீக்கினேன். சிக்கல் தீர்ந்ததென எண்ணினேன். மறுநாளும் அதே இடத்திலிருந்து உள்நுழைவு பதிவாயிற்று. கைப்பேசியிலிருந்து செயலியை நீக்கலாம். அதன் கூடத்தில் இருக்கும் சாவியை அதனால் நீக்க முடியாது. கடவுச்சொல்லை மாற்றிய பின்னரே அந்தக் கதவு சாத்தியது. தீங்கு ஏதும் நேர்ந்ததாக நான் அறியேன். ஆயினும் அந்தத் தாயிடம் நேரிற் சென்று நடந்ததைச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். அம்மௌனத்தை நான் முன்பே ஒருமுறை லயத்தில் கண்டிருக்கிறேன்.

கொள்ளத்தக்கன

இதனால் மின்னஞ்சலைக் கைவிடுக என்று கூறவில்லை. நம் ஆசிரியர்களும் சங்கத்தாரும் சிலவற்றைக் கைக்கொள்ளலாம். செயலியை ஏற்குமுன், அது அஞ்சல் நிறுவனத்தோடு நேரே பேசுகிறதா, தன் கூடத்தின் வழியே பேசுகிறதா என்று அறிக. கடவுச்சொல்லையே கேட்கும் முறையைவிட, அஞ்சல் நிறுவனத்தின் பக்கத்திலேயே ஒப்புதல் பெற்று அனுமதிச் சீட்டு ஒன்றைத் தரும் முறை மேலானது. அச்சீட்டை நாம் வேண்டும்போது திரும்பப் பெறலாம். எனினும் அச்சீட்டைக் கொண்டும் மடலைப் படிக்க முடியும் என்பதை மறவற்க. அவ்வப்போது உள்நுழைவுப் பதிவேட்டைப் பார்க்க. செயலியை நீக்கினால் கடவுச்சொல்லை மாற்றுக. கொடுத்த அனுமதியையும் அஞ்சற்கணக்கிலேயே நீக்குக. பிள்ளைகளைப் பற்றிய செய்திகளைத் தேவை முடிந்ததும் பெட்டியில் விட்டுவைக்க வேண்டாம்.

சட்டம் காக்கும் என்று இருந்துவிடவும் இயலாது. நம் நாட்டின் 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் நடப்புக்கு வந்தது. 2024-இல் திருத்தப்பட்டு, தரவுக் கசிவை அறிவிக்கும் கடமையும் 2025 சூன் முதல் சேர்ந்துள்ளது. ஆயினும் அது வணிக நடவடிக்கைகளுக்கான சட்டம். மத்திய, மாநில அரசுகளை அது கட்டுப்படுத்துவதில்லை. இந்தியாவிலோ, பொது நன்மைக்காக மடலை இடைமறிக்க இடந்தந்த 1898-ஆம் ஆண்டு அஞ்சலகச் சட்டம் நீங்கி, 2023-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபின்னும் இடைமறிக்கும் அதிகாரம் நீங்கவில்லை. சட்டம் பொறியை உடைத்தவனைப் பின்னர்த் தேடும். சாவியை யாரிடம் கொடுப்பது என்பதை நாமே முன்னர்த் தீர்மானிக்க வேண்டும்.

எங்கள் தோட்டத்தில் பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்து நெடுநாளாயிற்று. லயங்கள் இல்லை. அந்தப் பாட்டியும் இல்லை. எழுத்தறியாதவர் என்று நாங்கள் எண்ணிய அவர், தம் மடலை யார் படிக்கலாம் என்பதை மட்டும் நன்கு அறிந்திருந்தார். நம்பத் தகாதவன் என்று கண்டவுடன் மடலை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு, நம்பத் தகுந்தவரை நாடி இரண்டு கல் நடந்தார். எழுத்தறிந்த நாமோ, நாடியவரின் முகத்தையும் பாராமல், நடக்கவும் சோம்பி, நம் பிள்ளைகளின் மடல்களை ஒரு விரலால் தொட்டுக் கொடுத்துவிடுகிறோம். இப்போது எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மடல் எழுதும் பாடம் நடத்தும்போது, முகவரி எழுதுவதைக் கற்பித்து முடித்தபின் இந்தப் பாட்டியின் கதையையும் சொல்லிவருகிறேன்.